ரிஜிஸ்ட்ரார் வீட்டு வாத்து

மருந்துக் கடைக்காரர் குரைத்தார்.

கடையில் ஆள் இல்லாமல் இல்லை. மாத்திரை வாங்க இரண்டு பேர் நின்றார்கள். எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஒருவர் வயிற்றை எக்கிக்கொண்டு ஏறி நின்றார். அத்தனை பேர் நடுவிலும் கண்ணாடி அலமாரிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, “வள்! வள்வள்!” என்று குரைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல மறுபடி மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்க ஆரம்பித்தார்.

ரிஜிஸ்ட்ரார் குழந்தை வண்டியை நிறுத்தினார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவரைக் கண்டு எழுந்து நின்றவர்கள் உண்டு, கும்பிட்டவர்கள் உண்டு. எல்லைத் தகராறில் தோற்ற ஒருவர் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனதும் உண்டு. குரைத்தவர் இதுவரை எவரும் இல்லை.

“என்ன சார் இது?” என்றார்.

“பாப்பாவுக்குத்தான் சார்.” கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பு. “ரெண்டு நாளா காணோமேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

“எங்க வீட்டுக் குழந்தை என்ன நாயா?”

“ஐயையோ, இல்ல சார். நான்தான் நாய்.”

எடை இயந்திரத்தின் மேல் நின்றவர் சிரித்ததில் முள் ஆடியது. ரிஜிஸ்ட்ராருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு பெரிய மனிதர் தன்னைத்தானே நாய் என்று சொல்லிக்கொண்டால் அதற்கு என்ன பதில் சொல்வது? வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார். வண்டிக்குள் இருந்த பேத்தி சுண்டு இரண்டு கைகளையும் கடைப் பக்கமாக நீட்டி வீறிட்டாள்.

வங்கி வாசலைக் கடக்கும்போது, துப்பாக்கியோடு சீருடையில் நின்ற காவலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டார். “கொர்ர்ர்... கொர்ர்ர்...”

ரிஜிஸ்ட்ரார் நிற்கவில்லை. காது நுனி சூடேற நேரே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். ஓய்வு பெற்ற அதிகாரி குழந்தை வண்டி தள்ளுகிறான் என்று தெருவே கூடி நையாண்டி செய்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் நையாண்டி செய்பவன் முகத்தில் ஒரு கள்ளம் இருக்கும். அந்தக் காவலாளி முகத்தில் அது இல்லை. அதுதான் குழப்பியது.

அவர் வண்டி தள்ள வந்த கதை சின்னது. மருமகள் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு வருஷப் பிரசவ விடுப்பு முடிந்து அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பினாள். மகன் ஆடிட் ஆபீஸில் இருக்கிறான். பாட்டி இல்லாத வீட்டில் பகலில் குழந்தையை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது, அடுத்த ஊரில் மரச்சாமான் கடை வைத்திருக்கும் சம்பந்தி போனிலேயே முடித்துவிட்டார்: “எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. இங்க ஆள் இருக்கு, அரவம் இருக்கு. சனி ஞாயிறு நீங்க வந்து பார்த்துக்குங்க.”

ரிஜிஸ்ட்ராருக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டுக் குழந்தை இன்னொரு வீட்டில் வளர்வதா? நாளைக்கு நாலு பேர், “தாத்தா குத்துக்கல்லா இருக்காரு, குழந்தையை மட்டும் ஊருக்கு அனுப்பிட்டாங்க” என்று பேச மாட்டார்களா?

“நான் பார்த்துக்கறேன்,” என்றார்.

மருமகள் மரியாதை தெரிந்த பெண். ஆனால் அவள் புருவம் கொஞ்சம் உயர்ந்ததை அவர் கவனித்தார். கடைசியில், “ஒரு வாரம் பார்க்கலாம் மாமா. ஞாயித்துக்கிழமை அப்பா வரட்டும். சரியா வந்தா இங்கேயே இருக்கட்டும், இல்லன்னா அப்பா கூட்டிட்டுப் போகட்டும்,” என்றாள். அவரும் சரி என்றார். வாக்கு கொடுத்தாகிவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத வீடு, கதவில்லாத வீடு என்பது அவர் கட்சி.

முதல் இரண்டு நாள் சுண்டுவை வெளியே எடுக்கவேயில்லை. காற்றும் தூசியும் எதற்கு? குழந்தை வாசலைப் பார்த்துப் பார்த்துச் சிணுங்கியது, பால் புட்டியைத் தட்டிவிட்டது. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல்தான் வண்டியை எடுத்தார். எடுத்த அன்றே இந்தக் குரைப்பு.

மருந்துக் கடைக்காரரிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே விளங்கியிருக்கும். கேட்க அவர் கௌரவம் இடம் தரவில்லை. “ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய்?” என்று கேட்பவனைப் பார்த்துத்தான் ஊர் இன்னும் சிரிக்கும்.

அன்று மத்தியானம், வண்டியின் அடியில் தொங்கும் பையில் கைக்குட்டை தேடியபோது ஒரு தடித்த அட்டைப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. சிவப்பு அட்டை. நாலு மூலையும் கடித்துக் கடித்து மெத்தென்று ஆகியிருந்தது. ‘வாத்துக்கு எங்கே படுக்கை?’ ஊரில் உள்ள குழந்தைகள் எல்லாம் கடித்து வளர்ந்த பழைய படப் புத்தகம்தான். எந்தப் புத்தகக் கடைக்குப் போனாலும் முன் வரிசையில் இருக்கும். அதில் அதிசயம் இல்லை. அது இந்த வீட்டில் இருப்பதே அவருக்குத் தெரியாது, யாரும் வாசித்து அவர் கேட்டதில்லை என்பதுதான் அதிசயம்.

கேட்டிருக்கவும் முடியாது. அந்த வீட்டின் பழக்கம் அப்படி. ரிஜிஸ்ட்ரார் ஹாலில் இருந்தால் மிக்ஸி கூட அடக்கமாகத்தான் ஓடும். அவருடைய தகப்பனார் முன் அவர் குரல் உயர்த்தியதில்லை. அவர் முன் அவர் மகன் உயர்த்தியதில்லை. முப்பத்திரண்டு வயதாகியும் மகன் நின்றுகொண்டுதான் பேசுவான், அதுவும் ரெண்டு வார்த்தை. பார்ப்பவர்கள், “வளர்ப்புன்னா இது வளர்ப்பு,” என்பார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

சுண்டுவை மடியில் உட்கார வைத்துப் புத்தகத்தைப் பிரித்தார். குழந்தை திமிறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கிரயப் பத்திரம் வாசிக்கும் அதே தெளிவோடு வாசித்தார்.

“வாத்துக்குத் தூக்கம் வந்தது. வாத்து, கோழியின் கூட்டுக்குச் சென்றது. இங்கே இடம் இல்லை என்று கோழி கூறியது.”

கோழி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று பட்டது. கூடு கோழியுடையது. நெடுநாள் குடியிருந்ததால் வரும் அனுபவ பாத்தியதைகூட வாத்துக்குக் கிடையாது. பக்கத்தைத் திருப்பினார். நாய் வீடு. சுண்டு படத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி வாசல் கதவைப் பார்த்தாள். மாட்டுத் தொழுவத்திலும் அதேபோல. குளக்கரைத் தவளையிலும் அதேபோல. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தரம் படம், ஒரு தரம் கதவு. கடைசியில் வாத்து தண்ணீர் மேலேயே சிறகுக்குள் தலையை வைத்துத் தூங்கிப்போன பக்கம் வந்ததும், அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள்.

மறுபடி வாசித்தார். மறுபடி படம், கதவு, அழுகை.

புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தார். கண் தெரிகிறது, காதும் கேட்கிறது. பின்னே ஏன் பேசுகிறவரை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்கிறது? கழுத்தில் கோளாறா? காதில் சத்தம் திசை மாறி விழுகிறதா? அவர் வம்சத்தில் அப்படி ஒரு குறை இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

சாயங்காலம் மருமகள் வந்ததும் கேட்டாள். “எப்படி மாமா இருந்தா?”

“இருந்தா.”

“அழுதாளா?”

“குழந்தைன்னா அழாதாம்மா?”

ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை என்று மகன் அந்த வாரம் முழுக்க இருட்டிய பிறகுதான் வந்தான். மற்ற நாட்களில் ஐந்தரைக்கே வந்து, “காத்தாடப் போய்ட்டு வர்றேன்ப்பா,” என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவான். அன்று வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

“வெளில கூட்டிட்டுப் போனீங்களாப்பா?”

“போனேன்.”

“யாராவது... ஏதாவது சொன்னாங்களா?”

“என்ன சொல்லணும்?”

மகன் குனிந்து செருப்பைக் கழற்றினான். “ஒண்ணுமில்லப்பா,” என்று உள்ளே போனான். இவனுக்கும் ஊர் சிரிப்பது தெரிந்திருக்கிறது, அப்பாவிடம் சொல்லக் கூசுகிறான் என்று ரிஜிஸ்ட்ரார் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் தெருவை மாற்றினார். மருந்துக் கடையும் வங்கியும் இல்லாத பின்தெரு. ஒருவரும் குரைக்கவில்லை, ஒருவரும் கத்தவில்லை. சுண்டு மட்டும் ஊரைக் கூட்டினாள். ஜன்னல்கள் திறந்தன. ஒரு பெண்மணி, “பெத்தவங்க யாரும் இல்லையா சார்?” என்று கேட்டேவிட்டாள். பிள்ளை பிடிப்பவன் என்று நினைத்துவிட்டாளோ என்று அவருக்கு வேர்த்துப்போனது.

இனி டாக்டர்தான் என்று முடிவு செய்தார். மருமகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வேண்டாம். விஷயம் ஒரு மணி நேரத்தில் சம்பந்தி காதுக்குப் போய்விடும். ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். வண்டியோடு பஸ் ஏறினார்.

ஏறின உடனே ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “ம்ம்ம்மா!” என்றார்.

ரிஜிஸ்ட்ராருக்கு இறங்கிவிடலாமா என்று இருந்தது. பஸ் கிளம்பிவிட்டது. சுண்டு சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று ஓட்டுநரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகு பஸ்ஸே அதிரும்படி அழுதாள். அவர் சாவிக்கொத்தை ஆட்டினார். ஜன்னலைக் காட்டினார். “அழக் கூடாது,” என்று அதிகாரத் தோரணையில் சொல்லியும் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை.

எதிர் சீட்டில் துணி மூட்டையோடு ஒரு தையற்காரம்மா உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“சார், எதுக்குப் பிள்ளையை இப்படி அழ விடறீங்க? புக்கை எடுங்க.”

“எந்தப் புக்?”

“கீழப் பையில இருக்கும் பாருங்க. சிவப்பு அட்டை.”

நம் வீட்டுப் பையில் என்ன இருக்கிறது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவருக்கு. அதற்குள் அவளே குனிந்து எடுத்துவிட்டாள்.

“வாத்துக்குத் தூக்கம் வந்துச்சு. கோழி வீட்டுக்குப் போச்சு. கோழி என்ன சொல்லிச்சு?” சொல்லிக்கொண்டே மூட்டையைக் கீழே வைத்தாள். இரண்டு முழங்கைகளையும் படபடவென்று அடித்துக்கொண்டாள். “கொக் கொக் கொக்! இங்க இடமில்ல, போ போ!”

சுண்டுவின் அழுகை பாதியில் நின்றது.

“நாய் மெடிக்கல்ல இருக்கு, நாம அடுத்த பக்கம் போலாம். அண்ணே, மாடு!”

சிக்னலில் பஸ்ஸை நிறுத்தியிருந்த ஓட்டுநர் திரும்பாமலே, “ம்ம்ம்மா! என் வைக்கோல் மேல ஏறாதே!” என்று குரல் கொடுத்தார். பஸ்ஸில் நாலைந்து பேர் அவரோடு சேர்ந்து சொன்னார்கள். பின் சீட்டில் ஒரு கிழவர், “இன்னைக்கு மாட்டுக்குத் தொண்டை கட்டியிருக்குப்பா,” என்றார். சுண்டு கன்னத்தில் கண்ணீரோடு கலகலவென்று சிரித்தாள்.

ரிஜிஸ்ட்ரார் தவறான கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்போல உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. சொந்தத் தாத்தாவுக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்த பக்கத்தில் சுண்டு மறுபடி வாசலைப் பார்த்தாள். தையற்காரம்மா உச்சுக்கொட்டினாள். “பாருங்க, வாத்தைத்தான் தேடுது. இன்னைக்கும் வாத்து வரலையா சார்?”

“எந்த வாத்தும்மா?”

“உங்க பையன்தான் சார்.”

“ஆள் மாத்திச் சொல்றீங்க.”

“நான் எதுக்கு மாத்தறேன்? நெட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டு, ஆபீஸ் பையைக் குறுக்கால மாட்டிக்கிட்டு வருவாரே. இந்தப் பாப்பாவோட அப்பா.”

“அது என் மகன்தான். ஆனா அவன் வாத்து இல்ல.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பின் சீட்டுக் கிழவர் இருமுவதுபோலச் சிரித்தார்.

“இல்லைன்னா எப்படி சார்?” என்றாள் தையற்காரம்மா. “சாயங்காலம் இந்த வண்டியில ஒரு சுத்து வருவாரு. இந்தக் கம்பியில இருந்து அந்தக் கம்பி வரைக்கும் குந்திக்கிட்டே நடப்பாரு. குவாக் குவாக்னு. எனக்குக் கோழி வேஷம் கொடுத்தது அவருதான். எனக்குப் பிள்ளைங்க கிடையாது சார். மொதல்ல வெக்கமாத்தான் இருந்துச்சு. ‘சும்மா செய்யுங்கக்கா, யாரு பார்க்கப்போறா’ன்னாரு.”

யாரு பார்க்கப்போறா. ரிஜிஸ்ட்ரார் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். டாக்டர் இனி எதற்கு? கழுத்தும் சரி, காதும் சரி. கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மட்டும் மகன் நேரத்தோடு வந்தான். “காத்தாடப் போய்ட்டு வர்றேன்ப்பா,” என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான். வேவு பார்க்கும் புத்தி ரிஜிஸ்ட்ரார் குலத்தில் கிடையாது. ஆனால் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனால் மனிதன் மருந்துக் கடைக்குப் போகத்தானே வேண்டும்? பட்டையில் இன்னும் மாத்திரை இருந்தது என்பது வேறு விஷயம். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடைக்கு எதிரே சரக்கு வேன் ஒன்று நின்றது. அதன் ஓரத்தில் நின்றுவிட்டார்.

நடைபாதையில் அவருடைய மகன் குந்தியிருந்தான். ஆபீஸ் பேன்ட், இஸ்திரி போட்ட சட்டை. கட்டைவிரல்களை அக்குளில் செருகி முழங்கைகளைச் சிறகாக்கிக்கொண்டு, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி நடந்தான். “குவாக்! குவாக்! நாயண்ணே, நாயண்ணே, ஒரு ராத்திரிக்கு மட்டும் படுத்துக்கட்டுமா?” அடிவயிற்றிலிருந்து வந்தது குரல். அப்படி ஒரு குரல் அவன் தொண்டையில் இருப்பதே அவனைப் பெற்றவருக்குத் தெரியாது. மருந்துக் கடைக்காரர் குரைத்தார். சுண்டு வண்டியில் கால்களை உதைத்து உதைத்துச் சிரித்தாள்.

மானம் கப்பலேறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். யார் யார் பார்க்கிறார்கள் என்று கண்ணை ஓட்டினார். தபால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்கறிப் பையோடு இரண்டு பெண்கள். அவர்களில் ஒருவர்கூட மகனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சுண்டுவைப் பார்த்துச் சிரித்தார்கள். மகனைப் பார்த்த பார்வையில் ஏளனமே இல்லை. அது தன்னைப் பார்த்து எழுந்து நின்றவர்களிடம்கூட அவர் கண்ட பார்வை இல்லை. அதற்கு என்ன பெயர் என்று யோசித்தார், கிடைக்கவில்லை. கோபப்பட வேண்டும் என்று காத்திருந்தார், அதுவும் வரவில்லை. கடைசியில் மாத்திரை வாங்காமலே திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். வரும்போதே படியில் குரல் கேட்டது. “எங்க என் தங்கம்? தாத்தா வண்டியோட வந்துட்டேன்!” மரத்தை இழைத்து இழைத்து வளர்ந்த குரல், இந்த வீட்டுச் சுவர்களுக்கு அது பழக்கமில்லை. சுண்டுவின் துணிப்பை அறைக்குள் தயாராக இருந்தது. மருமகள் அதைத் தயார் செய்ததை ரிஜிஸ்ட்ரார் பார்த்திருந்தார்.

“என்ன சம்பந்தி, பேத்தி எப்படி? சமாளிச்சீங்களா?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். “நல்லா இருந்தா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுத்துப் பேச அந்த வீட்டில் ஆள் கிடையாது. ஆனால் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்துக்குச் சாட்சி பார்த்தவர் அவர். பொய்யைப் பதிவு செய்து பழக்கமில்லை.

“அழுதா. பால் குடிக்கல. தெருவை மாத்திப் பார்த்தேன், அப்பவும் அழுதா. என்கிட்ட நிக்கலை.”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தி, “அதுக்கென்ன, வயசு அப்படி,” என்று எழுந்தார். யாருடைய வயசு என்று சொல்லவில்லை.

“இருங்க.” ரிஜிஸ்ட்ரார் மகன் பக்கம் திரும்பினார். “வண்டியில ஒரு புத்தகம் இருக்கு. எடுத்துட்டு வா.”

மகன் முகத்தில் ஈயாடவில்லை. போய் எடுத்து வந்தான். சிவப்பு அட்டையைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

“உன் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டு.”

“இங்கயாப்பா?”

“இங்கதான்.”

“அப்பா... நீங்க உட்கார்ந்திருக்கீங்களே.”

“பஸ்ஸில அத்தனை பேர் உட்கார்ந்திருந்தாங்களே.”

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது பயமா சிரிப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. மகன் தரையில் உட்கார்ந்து சுண்டுவை எதிரில் வைத்துப் பிரித்தான். கோர்ட்டில் சாட்சி சொல்பவன்போல, “வாத்துக்கு... தூக்கம் வந்தது,” என்றான். சுண்டு அவனை விழித்துப் பார்த்தாள். வெளியே இருக்க வேண்டிய அப்பா வீட்டுக்குள் எப்படி வந்தார் என்று அவளுக்கும் குழப்பம்தான் போலிருக்கிறது.

“சத்தமா,” என்றார் ரிஜிஸ்ட்ரார்.

“குவாக்,” என்றான் மகன், மெல்ல.

“நேத்து மருந்துக் கடை வாசல்ல இப்படியா இருந்துச்சு?”

மகன் நிமிர்ந்தான். அப்பாவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். காது மடல் சிவந்தது. பிறகு என்ன நினைத்தானோ, கட்டைவிரல்களை அக்குளில் செருகினான். அந்த ஹாலில் அதற்கு முன் எழும்பாத சத்தம் ஒன்று எழும்பியது. “குவாக்! குவாக்! கோழியக்கா, கோழியக்கா!” அடுப்படி வாசலில் நின்ற மருமகள் தன்னையறியாமல், “கொக் கொக்! இடமில்ல போ!” என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சுண்டு கைகொட்டினாள். பக்கம் திரும்பியது. நாய். அவள் தலை வாசல் பக்கம் போனது.

“நாய்தானே? தாத்தா இருக்கேன்டா தங்கம்!” சம்பந்தி முட்டி போட்டு உட்கார்ந்து, வீடே அதிரும் குரலில், “வள்ள்ள்!” என்றார். சுண்டு பயந்து அலறி அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

“அது வேற நாய்ப்பா,” என்றாள் மருமகள். “நாய்னா அவளுக்கு மெடிக்கல்காரர்தான். மாடுன்னா பஸ் டிரைவர். தவளை, பேங்க் வாட்ச்மேன்.”

சம்பந்தி எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “அப்ப நான் இவளை மட்டும் கூட்டிட்டுப் போய் என்ன பண்றது? நாய், மாடு, தவளைன்னு ஒரு லாரி ஆளுங்களையும்ல ஏத்திட்டுப் போகணும்?”

யாரும் சிரிக்கவில்லை. மருமகள் துணிப்பை இருந்த அறையைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். “அவ இங்கேயே இருக்கட்டும்ப்பா. தெருவை விட்டுப் போனா ரொம்ப ஏங்கிப்போயிடுவா.”

ஆக, குழந்தை தங்கியது. தாத்தாவுக்காக அல்ல, தெருவுக்காக. ரிஜிஸ்ட்ராருக்கு அது நெஞ்சில் ஒரு முள்ளாகக் குத்தியது. ஆனாலும் தங்கியது தங்கியதுதான்.

மகன் இன்னும் தரையிலேயே இருந்தான். ரிஜிஸ்ட்ரார் அவனிடம் கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது வேறு. “யார்கிட்டடா கத்துக்கிட்ட?”

“யார்கிட்டயும் இல்லப்பா. வெளில போனா வருது.”

அந்தப் பதிலை அவர் வெகுநேரம் மனதுக்குள் புரட்டினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே மாதிரிதான் இருந்தது.

“ஆனா மாமா,” என்று மருமகள் தயங்கினாள். “நாளைல இருந்து இவர் மறுபடியும் லேட்டாத்தான் வருவாரு. நாயும் மாடும் தயாரா இருப்பாங்க. வாத்து வந்து கேட்டாத்தானே அவங்க பதில் சொல்ல முடியும்? பகல்ல வாத்து யாரு?”

ஹாலில் இருந்த மூன்று பெரியவர்களும் ஒரு குழந்தையும் ரிஜிஸ்ட்ராரையே பார்த்தார்கள்.

“எனக்கு முட்டி வலி,” என்றார்.

“முழுசாக் குந்த வேண்டாம்ப்பா,” என்றான் மகன். “பாதி குந்தினாப் போதும். நான் காட்டறேன்.”

வாக்கு கொடுத்தவர் அவர். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அன்றைக்குக் கேட்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மகன் முன்னால் நடந்து காட்டினான். “இடுப்பை ஆட்டணும்ப்பா. தோளை இல்ல.” அவர் பின்னால் போனார். கட்டைவிரல் அக்குளில் சரியாக உட்காரவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தார். எந்தக் கால் அடுத்தது என்று சந்தேகம் வந்து நின்றார். சுண்டு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவதா சிரிப்பதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

சம்பந்தியால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

ரிஜிஸ்ட்ரார் பாதி குந்திய நிலையிலேயே திரும்பிப் பார்த்தார்.

“சிரிக்காதீங்க சம்பந்தி. இங்க வேலை நடந்துக்கிட்டிருக்கு.”